ஒரு ஆம்பியர் ஃபியூஸ்

17-7-84 செவ்வாய்

காலையிலிருந்து காற்று, புழுதி. கடையில் ரிப்பேருக்கு இரண்டு ரேடியோ, ஒரு டேபிள் ஃபேன். அப்படியே போட்டுவிட்டு சைக்கிளில் திருப்புலிவனம், அக்கா வீடு. பொம்மைக் கார் செட் மறுபடி நின்றுவிட்டதாம்.

அக்காவின் ஒரே பிள்ளை செந்தில் மாசியில் இறந்துபோனான். அவனுக்குச் சித்தப்பா துபாயிலிருந்து அனுப்பிய செட் இது. பிளாஸ்டிக் தடம், நடுவில் பள்ளம், அதில் ஓடும் சின்னக் கார். கையிலுள்ள கண்ட்ரோலரை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். சமையல் ஆனதும் அக்கா அதன்முன் உட்கார்ந்துவிடுகிறாள். வளைவில் கார் சிக்கினாலும் விரலை எடுப்பதில்லை. கண்ட்ரோலருக்குள்ளே கம்பிச்சுருள் கொதிக்கும். அதற்காகத்தான் வயரில் கண்ணாடி ஃபியூஸ் போட்டுக் கொடுத்தேன். ஃபியூஸ் போனால் கண்ட்ரோலர் தப்பும். கண்ட்ரோலர் போனால் மெட்ராஸிலும் கிடைக்காது.

கடைசி ஃபியூஸை மாட்டினேன். ஓடியது. “போதும்டா, நீ போ” என்றாள். கண் காரிலேயே. வழியெல்லாம் அழுகை வந்தது எனக்கு.

20-7-84 வெள்ளி

அம்மன் கோயிலில் கூழ். மைக் செட் வேலை. மதியம் மாமா, அக்கா வீட்டுக்காரர், கடைக்கு வந்தார்.

“மறுபடியும் பூடுச்சி மச்சான். கார் நின்னா அழுவுறா. சோறு துன்ன மாட்டேங்கிறா.”

திங்கட்கிழமை மெட்ராஸ் போய் ஃபியூஸ் வாங்கி வருகிறேன் என்றேன்.

“மோட்டார் கொட்டாய்ல ஃபியூஸ் போனா கம்பியக் கட்டி ஓட்டிக்கினுதானே இருக்கோம்? இதுக்கு இன்னா?”

வேண்டவே வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். சரி என்றார். மாமா சரி என்றால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

பற்றவைக்க சால்டர் ஈயம் வாங்க வேண்டும். அப்பாவுக்கு மாத்திரை.

23-7-84 திங்கள்

மெட்ராஸ். நல்ல வெயில். ஃபியூஸ் ஒரு டப்பா. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நேரே அக்கா வீடு.

வாசலிலேயே பிளாஸ்டிக் கருகிய நாற்றம். போன ஃபியூஸின் மேல் சிகரெட் ஈயத்தாளைச் சுற்றி மாட்டியிருக்கிறார் மாமா. இரண்டு நாள் நன்றாக ஓடியதாம். இன்று கார் வளைவில் சிக்கி, கண்ட்ரோலர் உருகி, மாமா ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். கொல்லைப்பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அப்படியே உள்ளே திரும்பிவிட்டேன்.

அக்காவின் உள்ளங்கை சிவந்துபோய், விரலெல்லாம் கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவினேன்.

“சுட்டதுமே கைய எடுக்க வேணாமாக்கா?”

“ஜொரத்துல புள்ள ஒடம்பும் இப்டித்தான்டா சுட்டுச்சு. மடியிலயே வச்சிக்கினு இருந்தேன். அப்பவும் வுடல.”