அழைத்ததற்கு நன்றி

ஜூலை 3

பூனைக்கு,

காலை டிரிப் முடித்து பிள்ளைகளை இறக்கிவிட்டேன். பள்ளிக்கூட மதிலோரம் வேனை நிறுத்தி, ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். பாதி ஸ்டியரிங்கால், பாதி கோபத்தால்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலில் உனக்குத்தான் ஃபோன் செய்தேன். அம்மாவுக்குக்கூட அப்புறம்தான். "வயித்துல இருந்தது தங்கலடி" என்றேன். நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "இதைக் கேட்டு மிகவும் வருந்துகிறோம். உங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது. வேறு ஏதாவது உதவி தேவைப்படுகிறதா?" நீ கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எங்களை அழைத்ததற்கு நன்றி" என்று வைத்துவிட்டாய்.

என்னையா 'உங்கள்' என்றாய்? உனக்குப் பேன் பார்த்துவிட்டவளை, உன் மூக்கைத் துடைத்துவிட்டவளையா?

"அதிர்ச்சியில ஏதோ உளறியிருக்கும், விடு" என்கிறார் உன் மாமா. "உளறியிருந்தா விட்டிருப்பேன். தேன் ஒழுகப் பேசினா" என்றேன்.

இனி எனக்கு ஃபோன் செய்யாதே. அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்கத் தெம்பில்லை. சொல்ல ஏதாவது இருந்தால் கையால் எழுது. எழுதும்போதாவது யாருக்கு எழுதுகிறாய் என்று தெரியும் அல்லவா.

அக்கா

*

ஜூலை 19

அன்பு அக்காவுக்கு,

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தை அலுவலகச் சாப்பாட்டறையில் நின்றுகொண்டே படித்தேன். நீ ஃபோன் செய்தது நினைவிருக்கிறது. என்ன நடந்தது என்பதும் தெரியும். நான் சொன்ன பதில் மட்டும் நினைவில் இல்லை. வாய் பேசியிருக்கிறது, நான் அங்கே இல்லை.

இன்சூரன்ஸ் கம்பெனியில் ஃபோன் எடுக்கும் வேலை என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். யாராவது இறந்துபோனால் அந்த வீட்டிலிருந்து எங்கள் பிரிவுக்குத்தான் பேசுவார்கள். பேசுகிறவர் அழ ஆரம்பித்தால், மற்றவர்கள் அந்த அழைப்பை என் மேஜைக்கு மாற்றிவிடுவார்கள். விதி ஒன்றும் இல்லை, பழக்கம்தான். சேர்ந்த புதிதில் பக்கத்து மேஜைக்காரர், "உன் குரல் சாந்தமா இருக்கும்மா, நீயே பேசிடு" என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. நம் வீட்டிலிருந்து மேஜை நாற்காலி வேலைக்கு வந்த முதல் ஆள் நான். வேலை கிடைத்ததே பெரிது என்று இருந்தவளுக்கு, முடியாது என்றும் சொல்லலாம் என்பது தோன்றவே இல்லை. இப்போது எனக்கு அங்கே பெயர் கைக்குட்டை. "ஒரு அழுகை வருது, கைக்குட்டைக்குத் தள்ளு" என்று என் காதுபடவே சொல்வார்கள்.

முதலில் நானும் கூடவே அழுவேன். பிறகு கண் மட்டும் எரியும். பிறகு அதுவும் நின்றுபோனது. அப்போதுதான் நன்றாகப் பேசுகிறேன் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாளே, அதுதான்.

உன் கடிதத்தைப் படித்தும் எனக்கு அழுகை வரவில்லை அக்கா. அதுதான் பயமாக இருந்தது. அன்று மாலையே ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போனேன்.

"தூங்குறீங்களா?"

"படுத்திருக்கேன்."

"சாப்பிடுறீங்களா?"

"சாப்பாட்டு டப்பா காலியாகுது."

"கடைசியா எப்ப சிரிச்சீங்க?"

"இன்னைக்குக் காலையில. ஆபீஸ்ல, எல்லாரையும் பார்த்து."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். "இது சோம்பலும் இல்ல, கல்நெஞ்சும் இல்லம்மா. உங்க மனசு ரொம்ப நாளா ஓய்வே இல்லாம அடுத்தவங்க துக்கத்தைச் சுமந்திருக்கு. இப்ப கீழே போட்டுட்டு உட்கார்ந்துடுச்சு" என்றார். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். முதலில் தூங்குங்கள், முடிவெல்லாம் அப்புறம் என்றார். லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் இதிலிருந்து வெளியே வருவேன். உன்னைச் சமாதானப்படுத்த இதைச் சொல்லவில்லை. எனக்கே நான் சொல்லிக்கொள்வது. நீ பதில் போடாவிட்டாலும் எழுதுவேன்.

இப்படிக்கு,
தங்கை

*

ஜூலை 30

பூனைக்கு,

'தங்கை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ரேஷன் கார்டில் உறவு எழுதுகிற மாதிரி. பூனை எங்கே போனாள்?

லீவா? கால் உடைந்தால் கட்டுப் போட்டுக் காட்டலாம். உனக்கு அடிபட்டிருக்கிறது என்று நான் அம்மாவிடம் எதைக் காட்டுவேன்? "சின்னவளுக்கு என்னடி, ஜுரமா?" என்று நச்சரிக்கிறாள். ஆமாம், ஜுரம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தச் சான்றிதழைக் காட்டிக்கொண்டிருக்கிறார். பார்க்க எனக்கு எரிகிறது.

அழுகிற ஃபோனை உன்னிடம் தள்ளுகிறவர்களுக்குக் காது இல்லையா? அவர்கள் தள்ளினால் நீ ஏன் வாங்கினாய்? பள்ளிக்கூடத்திலும் எவளாவது உன் பென்சிலை எடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். நான்தான் போய்ப் பிடுங்கி வருவேன். இப்போது என்னால் வர முடியாது. எனக்கு வேன் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று வேனில் ஒரு குட்டிப்பெண் வாந்தி எடுத்துவிட்டாள். "ஜன்னலத் திற" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தேன். பெரிய வகுப்புப் பெண் ஒருத்தி, "ஆன்ட்டி, அவ ரொம்ப நேரமா அழறா, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். கேட்கத்தான் செய்தது. ஆனால் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே வண்டி எடுத்தவள் நான். வண்டியை ஓரம் கட்டி அவள் வாயைத் துடைத்துவிட்டபோது உன்னை நினைத்தேன்.

நினைத்தேன் என்றுதான் சொல்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 27

அன்பு அக்காவுக்கு,

நீ திட்டி எழுதியதைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். நன்றாகத் திட்டியிருக்கிறாய்.

முதலில் தூங்கினேன். எழுந்து, ஒரு கால் செருப்பைப் போட்டுக்கொண்டு மறுகால் செருப்பை எடுக்க மனமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் தெருமுனை வரை போனேன். மறுநாள் முடியவில்லை. அதற்கடுத்த நாள் மறுபடி போனேன். நேராக ஏறுகிற படிக்கட்டு இல்லை இது என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்தார்.

முதலில் திரும்பி வந்தது என்ன தெரியுமா? கோபம். கீழ்வீட்டுக்காரர் தினமும் என் படிக்கட்டை மறித்து ஸ்கூட்டரை நிறுத்துவார். "பரவாயில்ல சார்" என்று ஒடுங்கிப் போவேன். அன்றைக்கு, "எடுங்க சார்" என்றேன். "ஏம்மா இப்படிக் கத்துற?" என்றார். நான் கத்தவே இல்லை அக்கா. முதல் தடவை பேசியது அவருக்கு அப்படிக் கேட்டிருக்கிறது. டாக்டரம்மாவிடம் சொன்னால் கை குலுக்குகிறார்.

போன வாரம் மழைக்கு ஒரு குடை வாங்கப் போனேன். கடையில் குழந்தைகள் குடை தொங்கியது. மஞ்சள் நிறம், விரித்தால் ஒரு தட்டு அகலம்தான். அதன் அடியிலேயே நின்று அழுதேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். யாருக்காக அழுதேன் என்று உனக்குத் தெரியும். இத்தனை நாள் கழித்து வந்ததற்கு மன்னித்துவிடு.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். விட்டுவிட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் துக்கத்தில் ஃபோன் செய்கிறவர்களுக்கு ஒரு மனுஷக் குரல் வேண்டும். அது எப்போதும் என் குரலாகவே இருக்க வேண்டியதில்லை. இதை அவர்களிடம் சொல்லப்போகிறேன். எவ்வளவு பயந்தாலும் சொல்வேன்.

உன்,
பூனை

*

செப்டம்பர் 8

அக்கா,

சொல்லிவிட்டேன்.

முதல் நாளே பக்கத்து மேஜைக்காரர், "வாம்மா கைக்குட்டை, உனக்கு ஒண்ணு காத்திருக்கு" என்று தள்ளப் போனார். நான் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் மேஜை பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சார், இது உங்களுக்கு வந்த கால். நீங்களே பேசுங்க. நான் பக்கத்துல இருக்கேன்."

"என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாதும்மா!"

"எனக்கும் தெரியாது சார்."

முறைத்தார். பிறகு எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண், அப்பாவை இழந்தவள். இவருக்கு வேர்த்துக் கொட்டியது. நாங்கள் மனப்பாடம் செய்த வரி எதுவும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. திணறித் திணறிக் கடைசியில், "அப்பாவை வீட்ல எப்படிம்மா கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான், அந்தப் பெண் பேச ஆரம்பித்துவிட்டாள். நடுவில் சிரிக்கக்கூடச் செய்தாள். இவர் ஃபோனை வைத்துவிட்டு வெளியே போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

மேலாளரிடம், இனி முறைவைத்துத்தான் பேச வேண்டும், பேசி முடித்தவர் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டு வர விட வேண்டும் என்றேன். "பார்க்கலாம்" என்றார். "பார்க்கலாம்னா நான் மறுபடி லீவுக்குத்தான் எழுதணும் சார். இன்னைக்கே சொல்லுங்க" என்றேன். சரி என்று சொல்லியிருக்கிறார், முகம் சுளித்துக்கொண்டுதான். இரண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை என்று எழுத வந்தேன். இல்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது. வருத்தம் வருத்தமாகவே தெரிவதும் நல்லதுதான்.

பென்சிலை நானே பிடுங்கிவிட்டேன் அக்கா.

அந்தப் பெண் பேசிக்கொண்டிருந்தபோது, உன்னிடம் நான் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று புரிந்தது. இப்போது கேட்கிறேன். சொல்ல விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடு. வயிற்றில் இருந்ததை நீயும் மாமாவும் எப்படிக் கூப்பிட்டீர்கள்?

உன்,
பூனை

*

செப்டம்பர் 16

அடி பூனை,

மிளகு.

ஸ்கேனில் முதலில் அவ்வளவுதான் தெரிந்தது. உன் மாமா வைத்த பெயர். "மிளகு சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுக்கொண்டேதான் வீட்டுக்குள் வருவார். இப்போது பலசரக்குக் கடையில் அந்த டப்பா பக்கமே பார்க்க மாட்டேன் என்கிறார்.

எல்லாரும் வந்தார்கள். அடுத்தது தங்கும் என்றார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார்கள். பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அதற்குப் பெயர் இருந்திருக்கும் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

வேனை இந்த மாதம் பெரியம்மா மகன் ஓட்டுகிறான். நான் வீட்டில் இருக்கிறேன். அம்மாவிடம், அவளுக்கும் ஜுரம் இல்லை, எனக்கும் ஜுரம் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் அசந்துபோய்விட்டோம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். முதலில் முழித்தாள். பிறகு அவளாகவே போய் அந்தச் சான்றிதழைக் கழற்றிவிட்டு, அங்கே உன் சின்ன வயசுப் படத்தை மாட்டினாள். மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்பாயே, அந்தப் படம்.

மீதியை எழுத வராது. ஃபோன் செய்.

பேச ஒன்றும் தோன்றாவிட்டால் சும்மா இரு. நானும் சும்மா இருப்பேன். ஆனால் இந்தத் தடவை ஃபோனை நான்தான் வைப்பேன்.

உன் அக்கா