கறுவாவின் ரத்தமும் உன் ரத்தமும்

பதுளை
12.2.1984

அன்பு மகள் ஹம்ஸியாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் வாப்பாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம், குவைத்தில் நீயும் மருமகன் நிஸாமும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க ஐந்து வேளையும் கேட்கிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர இரண்டு மாதமாக என் தலை என்னிடம் இல்லை மகள். போன மாதத் தொடக்கத்தில் நாலே வரியில் ஒரு கடிதம் போட்டேன், பிரசவத்துக்கு இங்கே வரவேண்டாம், அங்கேயே பார்த்துக்கொள் என்று. காரணம் எழுதவில்லை. தலைப்பிள்ளைக்கு வராதே என்று எந்த உம்மாவாவது எழுதுவாளா, நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேனா என்று நீ திருப்பிக் கேட்டிருந்தாய். அதை வாசித்த வாப்பா என்னோடு கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கடையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கும் வரவில்லை. ஆகவே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன், எனக்கே விளங்காததையும் சேர்த்து.

காரணம் உன் பூனை. சிரிக்காதே. நீ கல்யாணம் முடித்துப் போகும்வரை உன் தலையணையில் படுத்த அந்தக் கறுவாதான். டிசம்பர் மழையிலிருந்தே அது சரியில்லை. அலுமாரி உச்சிக்குப் பாய்கிற பூனை கதிரையில் ஏறவே இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கியது. வாயைத் திறந்து பார்த்தால் ஈறு தேங்காய்ப்பூ மாதிரி வெள்ளை. சோற்றையும் மீனையும் மோந்து பார்த்துவிட்டுப் போய் குசினியில் அடுப்புச் சுவரின் சுண்ணாம்பை நக்கும். மாட்டு டொக்டர் பொன்னையாவிடம் கொண்டுபோனோம், யாழ்ப்பாணத்து மனிதர், நல்லவர், ரத்தம் எடுத்துச் சோதிக்கப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். பூனைகளுக்கு வருகிற லுகேமியா என்று பதில் வந்தது. ஒரு கிருமியாம், வேறு பூனையோடு சண்டை போட்டதிலோ ஒரே தட்டில் தின்றதிலோ ஒட்டியிருக்குமாம், ரத்தம் ஊறுகிற இடத்தையே பிடித்துவிட்டதாம். இரும்புக் குளிசை கொடுத்தால் ரத்தம் ஏறாதா டொக்டர் என்று கேட்டேன். ஊத்தே வத்திப்போச்சுது அம்மா, இரும்பைக் குடுத்து என்ன செய்யிறது என்றார். வெளிநாடுகளில் இன்னொரு பூனையின் ரத்தத்தை ஏற்றுவார்களாம், அதுவும் கொஞ்ச நாளைக்குத்தானாம். ஒரு ஊசி போட்டுவிட்டு, ஈரல் குடுங்கோ, குளிரில விடாதேங்கோ, கஷ்டப்பட்டால் சொல்லுங்கோ, நோகாமல் முடிச்சுவிடலாம் என்றார்.

அந்தக் கிழமைக்குள்ளேயே உன் கடிதம் வந்தது. உனக்கு ரத்தம் குறைவு, எட்டுத்தான் இருக்கிறது என்று அங்குள்ள டொக்டர் சொன்னாராம், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம், பச்சரிசி மெல்லத் தோன்றுகிறதாம், வெள்ளையடித்த சுவரை மோந்துகொண்டு நிற்கிறாயாம். பூனைக்கும் சுவர், பிள்ளைக்கும் சுவர். எத்தனை வருடம் ஒரே கட்டிலில் கிடந்தீர்கள். மனிதருக்கு இது ஒட்டாதா என்று பொன்னையா டொக்டரிடம் மூன்று தரம் கேட்டேன், மூன்று தரமும் ஒட்டாது என்றுதான் சொன்னார். ஆனாலும் மாடு பார்க்கிறவருக்கு மனிதரைப் பற்றி என்ன தெரியும் என்று என் பாழாய்ப்போன மனம் கேட்கிறது. அந்தப் பயத்தில்தான் வராதே என்று எழுதினேன். காரணத்தை எழுதினால் நீ அங்கே தனியாக இருந்து நடுங்குவாய் என்று விட்டுவிட்டேன். அது இன்னும் மோசமாகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னதும் வாப்பா, பூனையை எங்கேயாவது கொண்டுபோய் விடுகிறேன், என் பிள்ளை வரட்டும் என்று சாக்கில் போட்டுக்கொண்டு நமுனுகுல பஸ் ஏறினார். அஸர் தொழுகை நேரத்துக்குச் சாக்கோடேயே திரும்பி வந்தார். இறக்கிவிட்டாராம், ஓடப் பலமில்லாமல் அது அவர் காலில் போட்டிருந்த சப்பாத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டதாம். திரும்பி வார பஸ் கெதியா வந்திட்டு, நான் என்ன செய்ய என்று என்மேல் பாய்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து நம் கடைக்குச் சாமான் வாங்க வருகிற பெரியாயியைத் தெரியும்தானே, அவளிடம் சொல்லி அழுதேன். அட என்னங்கம்மா, எங்க லயத்து வீடுங்கள்ல பாதி புள்ளத்தாச்சிங்க மண்ணு திங்குதுங்க, பச்சரிசி திங்குதுங்க, அவளுங்க எல்லாம் பூனையோடயா படுத்தாளுங்க என்று சிரித்தாள். அடுத்த ஞாயிறு பூனைக்கு வறுத்துக் கொடுங்க என்று ஒரு பேணியில் ஆட்டு ரத்தம் கொண்டுவந்தாள். ரத்தம் நமக்கு ஹராம், அதை நம் அடுப்பில் ஏற்றலாமா மகள்? அவள் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை, பேணியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன், அவளே விளங்கிக்கொண்டு திருப்பி எடுத்துக்கொண்டாள். ஈரலும் மண்ணீரலும் நமக்கு ஆகும்தானே என்று அவற்றை வாங்கி அவித்து மசித்து விரலால் ஊட்டுகிறேன்.

நான் இன்னொரு வேலையும் செய்தேன். தலைசுற்று என்று ஆஸ்பத்திரியில் பொய் சொல்லி என் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தேன். பன்னிரண்டு, இந்த வயதுக்கு நல்ல ரத்தம் என்றாள் நர்ஸ். இரண்டு மாதமாகக் கறுவா என் போர்வைக்குள்தான் கிடக்கிறது, என் கையை நக்குகிறது, ஒட்டுவதென்றால் எனக்கல்லவா ஒட்டியிருக்கவேண்டும்? அப்படியானால் டொக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் நீ பிள்ளை சுமக்கிறவள், உன் உடம்பு வேறு. வா என்று எழுதப் பேனையை எடுத்தால் பூனையின் வெள்ளை ஈறு கண்ணுக்குள் வருகிறது. வராதே என்றால் உன் முகம் வருகிறது. ஏழு மாதம் முடிந்தால் பிளேனில் ஏற்றமாட்டார்கள் என்கிறாய், யோசிக்க நாளும் இல்லை. ஊசி போட்டு முடித்துவிடுவோம் என்று நினைத்தால் அது ஈரலுக்கு வாயைத் திறக்கிறது. என்னதான் செய்ய?

மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று லுஹர் தொழுகைக்குப் பிறகு கறுவா மௌத்தாகிவிட்டது மகள். காலையிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை, வாயைத் திறந்து திறந்து மூச்சு விட்டது. வாப்பா டொக்டரைக் கூட்டிவர ஓடினார், அவர் மாடு பார்க்க ஹாலிஎலைக்குப் போயிருந்தார். என் மடியில்தான் அடங்கியது. கொய்யா மரத்தடியில் வாப்பாவே குழி வெட்டினார். இப்போது உனக்குத் தந்தி கொடுக்கப் போயிருக்கிறார், அதில் வா என்று மட்டும்தான் இருக்கும். உன் கட்டில் துணிகளையெல்லாம் வெந்நீரில் அவித்துக் காயப்போட்டுவிட்டேன், தேவையில்லாத வேலை என்று டொக்டர் சொல்லுவார், சொல்லிவிட்டுப் போகட்டும். நீ நிஸாமிடம் சொல்லி டிக்கெட்டைப் பார். அங்கே தருகிற இரும்புக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே, தேத்தண்ணி குடித்தால் இரும்பு உடம்பில் சேராதாம், நர்ஸ் சொன்னாள். பதுளைக்காரிக்கு அது கஷ்டம்தான், பொறுத்துக்கொள். அல்லாஹ் உன்னையும் பிள்ளையையும் முழுசாக என் வாசலில் கொண்டுவந்து சேர்க்கட்டும், உன் ரத்தத்திலும் சாப்பாட்டிலும் பரக்கத் செய்யட்டும்.

வாப்பாவிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லுகிறேன். ஊட்டும்போதெல்லாம் பிழைத்துக்கொள், பிழைத்துக்கொள் என்றுதான் அதனிடம் சொன்னேன். தொழுது முடித்துக் கையேந்தினால், சீக்கிரம் எடுத்துக்கொள் யா அல்லாஹ், என் பிள்ளை வீட்டுக்கு வரட்டும் என்று கேட்டேன். இரண்டையும் ஒரே நாளில் கேட்டிருக்கிறேன். மூச்சு நின்றதும் என் வாயில் முதலில் வந்தது, இனி என் பிள்ளை வரலாம் என்பதுதான். பிறகுதான் அழுதேன். வந்ததும் என்னிடம் கறுவாவைப் பற்றிக் கேட்காதே மகள், நானாகச் சொல்லும்போது கேள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
உம்மா
ஸவாஹிரா லத்தீப்