எட்டுப் பாட்டு முடிந்தால் தலை அலச வேண்டும்

அன்பு மகள் வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், என் முழங்கால் சுமார், அப்பா வழக்கம்போல். நீ நலமாக இருப்பது போனில் உன் குரலைக் கேட்டாலே தெரிந்துவிடுகிறது, இருந்தாலும் உன் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் என் மனசு ஆறும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நடுவில் நீ சரிம்மா சரிம்மா என்பாய், அடுத்த விமானம் வந்துவிட்டது என்று வைத்துவிடுவாய். இந்தச் செய்தியை நான் முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் சொல்லியாக வேண்டும், நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அதனால்தான் காகிதம்.

செய்தி இதுதான். நீ வந்து மாற்றித் தருகிறேன் என்று சொன்ன பாட்டெல்லாம் புது போனுக்கு வந்துவிட்டது. மாற்றியது நான். கம்ப்யூட்டர் கிடையாது, கடைக்காரர் கிடையாது, உன் அப்பா அறவே கிடையாது.

நீ அனுப்பிய போன் பெட்டியோடு எட்டு மாதம் பார்லர் அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் இருந்தது உனக்குத் தெரியும். நீதான் சொன்னாய், பழைய போனில் எதையும் தொடாதேம்மா, ஏதாவது அழிஞ்சு போயிடும், லீவுக்கு வந்ததும் நானே மாத்தித் தரேன் என்று. முதல் லீவு ரத்தானது, இரண்டாவதும் ரத்தானது, உன்னைக் குறை சொல்லவில்லை, வேலை அப்படி. துண்டு எடுக்கும்போதெல்லாம் பெட்டியின் மேல் கை போகும், அவள் வந்து செய்வாள் என்று மூடிவிடுவேன். ஆனால் பழைய போனுக்கு அந்தப் பொறுமை இல்லை. சார்ஜர் குத்துகிற ஓட்டை லொடலொடவென்று ஆகிவிட்டது, ஒரு கொண்டை ஊசியை முட்டுக் கொடுத்து ஒரு பக்கமாகச் சாய்த்தால்தான் சார்ஜ் ஏறும். முதுகு வேறு உப்பிக்கொண்டு வந்தது. போன மாதம் ஒருவர் தலையில் சாயம் இருக்கும்போதே பாதிப் பாட்டில் அணைந்துவிட்டது. அன்றைக்குக் குத்துமதிப்பாகத்தான் தலை அலசினேன்.

போன் கடைக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் எடுக்கணும், விட்டுட்டுப் போங்க, நாலு நாள் ஆகும் என்றார் கடைக்காரர். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிற கதை தெரியுமே, அதன் மேல் அப்பா லிஃப்ட் ரிப்பேருக்குக் கொண்டுபோகிற ஸ்குரூ டிரைவர் பெட்டியை வைத்திருக்கிறார். நாலு நாள் பாட்டில்லாமல் என்னால் முடியாது என்றேன். இப்பல்லாம் யாருங்க பாட்டை போன்ல வெச்சுக்கறாங்க, நெட்லயே கேளுங்களேன் என்றார். அவருக்கு விளக்கினேன். அண்ணே, நான் பார்லர் வைத்திருக்கிறேன், தலைக்குச் சாயம் போடுகிறேன், இரண்டு கையிலும் கையுறை, கையுறை முழுக்கச் சாயம், போனையும் தொட முடியாது வாட்சையும் தொட முடியாது. சுவரில் கடிகாரம் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதைக் கண்ணாடியில்தான் பார்க்கிறேன், கண்ணாடியில் பத்து மணி இரண்டு மணியாகத் தெரிகிறது. அதனால் பாட்டுதான் எனக்குக் கடிகாரம். நிறத்துக்கு ஒரு பட்டியல் என் மகள் போட்டுக் கொடுத்திருக்கிறாள், கருப்புக்கு எட்டுப் பாட்டு, எட்டும் முடிந்து சத்தம் நின்றால் தலை அலச வேண்டும். பழுப்புக்கு ஏழு. நெட்டில் கேட்டால் நடுவில் விளம்பரம் போடுவான், அந்த விளம்பர நேரத்துக்கு யாருடைய தலை பொறுப்பு என்று கேட்டேன். அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வழி காட்டியது யார் தெரியுமா, உனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்தாரே, அந்த டீச்சர். மாதம் ஒருமுறை என்னிடம்தான் வருகிறார். தலையில் சாயத்தைப் பூசி உட்கார வைத்துவிட்டால் பாவம் எங்கும் போக முடியாது, என் புலம்பலை முழுக்கக் கேட்டார். கம்ப்யூட்டர் எதுக்குங்க, ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா அதுங்களே அனுப்பிக்கும் என்றார். போனைக் கையில் கொடுத்தேன், காதோரம் சாயம் இருப்பதால் கண்ணாடி போட முடியாது, கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல, நான் கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்தினேன். ஒரே ஒரு பாட்டு போய்ச் சேர்ந்தது. அதற்குள் எட்டுப் பாட்டும் முடிந்து தலை அலசுகிற நேரம் வந்துவிட்டது. மிச்சத்தை நீங்களே செஞ்சுடுவீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். செய்துவிட்டேன்.

வார விடுமுறை அன்று காலை எட்டரைக்கே பார்லருக்குப் போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நகம் வெட்டுகிற சின்ன மேஜையைப் பிளக் பக்கம் இழுத்துப் போட்டு, பழைய போனை ஊசி முட்டோடு சாய்த்து வைத்து, புதுசை அதன் எதிரில் வைத்தேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பாட்டு. முதலில் ப்ளூடூத்தில் அனுப்பினேன், ஒரு பாட்டுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது, இந்த வேகத்தில் போனால் ராத்திரி ஆகிவிடும், பழைய போன் அதுவரை தாங்காது. பிறகு டீச்சர் சொன்ன இன்னொரு பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது, அது மளமளவென்று அனுப்புகிறது, இருபது பாட்டை ஒரேயடியாக வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் புது போன் ஏற்றுக்கொள்ளவா என்று கேட்கும், உடனே அழுத்தாவிட்டால் கோபித்துக்கொண்டு நிறுத்திவிடும். பழைய போன் திரை இருண்டாலும் நின்றுவிடும், அதனால் ஒரு கட்டை விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தேன். பச்சைக் குழந்தையைத் தூங்கவிடாமல் பால் கொடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள், உனக்கு நான் அப்படித்தான் கொடுத்தேன். பதினோராவது தவணையில் உன் அப்பா போன் செய்தார், சாப்பிட்டியா என்று. அந்த ஒரு கேள்வியில் இருபது பாட்டும் அந்தரத்தில் நின்றுவிட்டது. எது வந்தது எது வரவில்லை என்று தலைகால் புரியவில்லை. அதற்குப் பிறகு துண்டுக் கணக்கு நோட்டில் ஒவ்வொரு தவணையின் கடைசிப் பாட்டையும் எழுதி வைத்துக்கொண்டேன், அப்பாவிடம் லிஃப்டே நடுவில் நின்று போனாலும் எனக்குப் போன் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நாலு மணிக்கு முடிந்தது. எண்ணிப் பார்த்தால் அறுநூற்றுப் பத்தொன்பது. அனுப்பியதைவிட ஏழு கூடுதல். அப்பாவின் போனால் இரண்டு தடவை வந்தவை அவை, தேடித் தேடி அழித்தேன். அங்கே அறுநூற்றுப் பன்னிரண்டு, இங்கே அறுநூற்றுப் பன்னிரண்டு. எழுந்து நின்றேன். எனக்கே என்னை நினைத்துப் பெருமையாக இருந்தது, எழுத வெட்கமாக இல்லை. அன்று மாலையே பழைய போனின் திரை முழுக்க வெள்ளையாகி, அதற்குப் பிறகு அது கண்ணைத் திறக்கவில்லை. ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

இனிமேல் சொல்லப் போவதுதான் விஷயமே. மறுநாள் வங்கியில் வேலை பார்க்கிற அந்த அம்மா வந்தார். ஓய்வு பெறுகிறார், அடுத்த நாள் வழியனுப்பு விழா, எப்போதும் போடுகிற இளம் பழுப்பு போதும் என்றார். சாயத்தைப் பூசிவிட்டுப் புது போனை நிமிர்ந்த தலையோடு முழங்கையால் தட்டிவிட்டேன். பாட்டு வந்தது, அடுத்ததும் வந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை, நான் மாற்றிய கதையை அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாட்டு நிற்கவே இல்லை. எப்போது நிற்கும் என்று காத்திருக்கிறேன், அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே போகிறது. அப்புறம்தான் உறைத்தது. பாட்டு வந்திருக்கிறதே தவிர நீ போட்டு வைத்த பட்டியல் ஒன்றுகூட வரவில்லை, அறுநூற்றுப் பன்னிரண்டையும் அகர வரிசையில் அடுக்கி அது தன் இஷ்டத்துக்குப் பாடுகிறது. ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவரைத் தலை அலசுகிற பேசினுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். அலசிப் பார்த்தால் நல்ல அடர் நிறம், இளம் பழுப்பின் சாடைகூட இல்லை. அந்த அம்மா கண்ணாடியைப் பார்த்தார். ரிட்டயர் ஆகப் போறவ மாதிரியா இருக்கேன், நாளைக்குத்தான் வேலையில சேரப் போறவ மாதிரி இருக்கேன் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். விழாவில் எல்லோரும் பத்து வயது குறைந்துவிட்டது என்றார்களாம், அதனால் தப்பித்தேன், ஆனால் தப்பு தப்புதான்.

பழைய போன் செத்துவிட்டது, பட்டியலை எதைப் பார்த்து எழுதுவது. உன்னைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். பதினான்கு வருடமாக அதே எட்டுப் பாட்டு அதே வரிசையில் ஓடுகிறது, ஒன்று முடியும்போதே அடுத்தது என் வாயில் வந்துவிடும். துண்டு நோட்டில் கருப்பை எழுதினேன், பழுப்பை எழுதினேன், செம்பட்டை, நரை மட்டும் மறைப்பது என்று நாலு பட்டியலும் வந்துவிட்டது. புது போன் ஒவ்வொரு பாட்டுக்கும் எத்தனை நிமிடம் என்று பக்கத்திலேயே காட்டுகிறது, சும்மா கூட்டிப் பார்த்தேன். கருப்புக்கு டப்பாவில் போட்டிருப்பது முப்பத்தைந்து நிமிடம், உன் பட்டியல் முப்பத்து மூன்றரை. பழுப்புக்கு முப்பது, உன் பட்டியல் இருபத்தெட்டரை. நாலிலும் சொல்லி வைத்தாற்போல் ஒன்றரை நிமிடம் குறைகிறது. பள்ளிக்கூடப் பிள்ளை போட்ட கணக்குதானே, எங்கேயோ தப்பு விட்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வேலை செய்யும்போதுதான் புரிந்தது. பாட்டு நின்றது, கையுறையைக் கழற்றினேன், கருப்புச் சாயத்துக்கு வந்திருந்த ஒரு அம்மாவைக் கைப்பிடித்து எழுப்பி பேசினுக்குக் கூட்டிப் போனேன், குழாயைத் திறந்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்தேன், தண்ணீர் வெதுவெதுப்பாக வரும்வரை நின்றேன். சரியாக ஒன்றரை நிமிடம். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது, சாயம் கண்ணில் பட்டுவிட்டதா என்று அந்த அம்மா கேட்டார். உனக்கு அப்போது பதினைந்து வயது. வரலாற்றுப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய். புத்தகத்தைப் பாக்காம கடிகாரத்தையே பாத்துட்டு இருக்கியே, உருப்படுவியா என்று வந்தவர்கள் முன்னால் திட்டியிருக்கிறேன். நீ என் கையையும் தண்ணீரையும் நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு ஏதோ உனக்குப் பிடித்த பாட்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறாய் என்றுதான் இத்தனை வருடமும் நினைப்பு. அன்று திட்டியதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், வாலு. உன் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்பவர்களுக்கு விமான நிலையத்தில் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன், அதற்கு மேல் எனக்கு விளங்காது. இப்போது சொல்கிறேன், எந்த விமானம் எந்த வாசலில் எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிறாள், பதினைந்து வயதிலேயே என் பார்லரில் அந்த வேலையைச் செய்தவள் என்று. வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன், சாயத்தோடு உட்கார்ந்திருப்பவர்கள் கேட்டுத்தானே ஆக வேண்டும். அப்பா அந்த மூளை தன்னுடையது என்கிறார். ஒரு லிஃப்டாவது அவர் சொன்ன நேரத்துக்கு ஓடியிருக்கிறதா என்று கேட்டேன், பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

முடி சுருட்டுகிற பட்டியல் மட்டும் பாக்கி. அதில் நாலு பாட்டு, மூன்றைப் போட்டுவிட்டேன், நாலாவது ஞாபகம் இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அதுக்கென்ன, அவளுக்கு ஒரு போன் போட்டாத் தெரிஞ்சுடப் போகுது என்று நம்பரைத் தேட ஆரம்பித்தார். அவள் வேலையில் இருப்பாள், தொந்தரவு செய்யாதீங்க என்று பிடுங்கி வைத்துவிட்டேன். உண்மையை உன்னிடம் சொல்கிறேன். அன்றைக்கு இரண்டு பக்கமும் எண்ணிக்கை சரியாக வந்து நான் பெருமையாக எழுந்து நின்றேன் என்று எழுதினேன் அல்லவா, அடுத்த நிமிடமே பொசுக்கென்று உட்கார்ந்துவிட்டேன். இதற்காக வருகிறேன் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள், இதையும் நானே முடித்துவிட்டால் எதற்காக வருவாள் என்று நினைப்பு ஓடியது. பைத்தியக்கார நினைப்புதான், வந்தது வந்ததுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து வந்தால் தலையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு தூங்காதே, முடி கொட்டும், இதைத் தொழிலாகச் செய்கிறவள் சொல்கிறேன். நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் நூறு வருடம் நீ நன்றாக இருக்க வேண்டும், இதற்கு மேல் எனக்கு வேறு ஆசை இல்லை. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். லீவுக்கு எழுதிக் கொடு. பாட்டு மாற்றித் தர வேண்டும் என்று காரணம் எழுதாதே, அந்த வேலை முடிந்துவிட்டது, அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று எழுது. நாலாவது இடத்தை உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன், வந்து உன் கையால் போடு. அதுவரைக்கும் முடி சுருட்ட யாராவது வந்தால் மூன்று பாட்டோடு ஸ்பீக்கர் நின்றுவிடுகிறது, நாலாவதை நானே வாய்க்குள் முதலிலிருந்து கடைசி வரை பாடி முடித்துவிட்டுத்தான் தலை அலசுகிறேன்.

என்றும் உன்,
அம்மா