குலுக்கலில் விழாத பெயர்கள்

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது.

நலம்தான், முழங்காலைத் தவிர. மாடி மாடியாக ஏறிக் கேள்வி கேட்கும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் நீதான் என்பதால் புலம்பவும் வழியில்லை. போனில் பேசினால் நடுவில் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அரசு வேலைத் திட்டத்தால் பயனில்லை, நிறுத்தலாம் என்று உன் ஆய்வு அறிக்கை மாதக் கடைசியில் போகிறது என்றாய். அந்தத் திட்டத்துக்கு ஆள் எடுத்த குலுக்கலில் பெயர் விழுந்து வேலை பெற்றவர்களும், விழாதவர்களும் மாதத்தில் ஏறக்குறைய ஒரே அளவு நாட்கள்தான் வேலை செய்கிறார்களாம். அது பொய், தம்பி. பொய்யானதற்குக் காரணம் நான்.

போன திங்கட்கிழமை, பெயர் விழாத தையற்காரம்மா வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல இருபத்திரண்டு நாள் வேலை என்றார். பக்கத்து வீட்டுக்காரி சிரித்துவிட்டாள். "இவங்க கடைய விட்டு நின்னே எட்டு மாசமாச்சே!" என்றாள். அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. "சும்மா இருக்கேன்னு சொன்னா சோம்பேறின்னு எழுதிக்குவீங்க. நல்லா பதில் சொன்னா அடுத்த குலுக்கல்ல பாக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று என்னையே கேட்டார்.

சொன்னேன். கேள்வித்தாளில் இருப்பதைத் தவிர ஒரு வார்த்தை கூடப் பேசாதே என்று நீ படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். முதல் நாள் பெயர் விழாமல் நின்றவர்களைப் பார்த்து மனசு கேட்கவில்லை. எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்தேன். இந்த வாரம் என் பட்டியலில் பெயர் விழாத நாற்பத்தொரு வீட்டுக்கும் மறுபடி போய், பதிலுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுக் கேட்டேன். இருபத்தொன்பது பேர் வேலை நாட்களைக் கூட்டிச் சொன்னதாக ஒத்துக்கொண்டார்கள். தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இந்த ஆய்வுக்காக மூன்று வருடம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். உன் ஆபீஸ் பெரியவர்கள் முன்னால் உன்னைத் தலைகுனிய வைத்துவிட்டேன். என் தவறு என்றே எழுது. இந்த வேலை போனால் போகட்டும். அறிக்கையை மட்டும் அனுப்பாதே.

படித்து முடித்த வருடம், கம்பெனியில் சேர்ந்துவிட்டேன் என்று தினமும் காலையில் கிளம்புவாயே. நீ நூலகத்தில் உட்கார்ந்திருந்ததை முதல் வாரமே பார்த்துவிட்டேன். ஒன்றும் கேட்காமல் வருடம் முழுக்கச் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். அன்று யாராவது தாளோடு வந்து கேட்டிருந்தால், நீ எத்தனை நாள் என்று சொல்லியிருப்பாய்?

எங்கே இருந்தாலும் நன்றாக இரு, சாமி.

உன் அக்கா