குளியலறையின் பாதி விலை

அக். 7, செவ்வாய்

தெருவில் சொல்வது தவறு. மகன் எனக்குக் குளியலறை கட்டித் தரவில்லை. இடிக்கச் சொன்னது நான், பணம் என் சேமிப்பு. அறுபத்தைந்தாயிரம். புனேயில் இருக்கும் ரவிக்குத் தகவல் சொன்னேன், அவ்வளவுதான்.

காலையில் தூறல். சிமெண்ட் மூட்டைக்குத் தார்ப்பாய் போடச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் எதுவும் நடப்பதில்லை.

கூரையைப் பிரித்து, பழைய தரையும் பெயர்த்தாயிற்று. உப்புத் தண்ணீரில் மஞ்சளாய்ப் போன ஓடுகள் வாசலில் குவியல். தீபாவளிக்குள் முடிப்பாராம் மேஸ்திரி பழனிசாமி. அதுவரை குளியல் பக்கத்தில், சரஸ்வதி வீட்டில். வாளி, சோப்பு, துண்டு, என் சொம்பு.

சரஸ்வதி: "எங்க ஊட்டுல வாளி இல்லீங்களாக்கா? தம்பி ஜம்முனு பண்ணிக் குடுக்குதாட்ட இருக்குது!"

திருத்தினேன். நம்பியதாகத் தெரியவில்லை.

அக். 8, புதன்

நல்ல வெயில். டைல்ஸ் வந்தது. வழுக்காத ரகம், சாம்பல் நிறம். குழாய்கள் கனம். திருப்தி.

பிறகு சந்தேகம். அறுபத்தைந்துக்கு இவ்வளவு நல்ல சரக்கா? கூடினாலும் குறைந்தாலும் விடை தவறுதான் என்பார் நான் படித்த கான்வென்ட்டில் கணக்கு எடுத்த சிஸ்டர்.

மதியம் ஆட்டோவில் சேலம் ரோட்டுக் கடை. அதே டைல்ஸ், அதே குழாய். கூலி சேர்க்காமலே அறுபத்தைந்தைத் தாண்டுகிறது.

அக். 9, வியாழன்

கேட்டுவிட்டேன். "மேஸ்திரி, நட்டத்துக்கா வேலை செய்யறீங்க?"

கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார். "அதுங்கம்மா... தம்பிதானுங்க. அம்மாகிட்ட பாதிய மட்டும் சொல்லுங்க, மீதிய நான் போட்டுடறேன்னாருங்க."

"நீங்களும் சரின்னீங்க."

"கேட்டா அம்மா வேண்டாம்பாங்கன்னாரு. அவருக்கும் உங்களக் கண்டா பயமுங்க, எனக்கும் பயமுங்க. ரெண்டு பேரும் சேந்துக்கிட்டோம்."

சித்தாள் பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆக, தெரு சொன்னது சரி. தவறு செவ்வாய்க்கிழமைக் குறிப்பில். அதை அடித்துத் திருத்தப் போவதில்லை, இருக்கட்டும்.

அக். 10, வெள்ளி

இரவெல்லாம் மழை. கூரையில்லாத குளியலறையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. வாளியோடு சரஸ்வதி வீடு.

உள்ளே புதிதாக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். யாருக்கென்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உட்கார்ந்து குளித்தேன். முழங்காலுக்குச் சுகம்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "வேலைய நிறுத்திப்போட்டீங்களாமா? தீவாளிக்கு எண்ண வெச்சு எங்க குளிப்பீங்க? புள்ள காசு என்ன ஊரான் காசாங்கக்கா?"

"கொடுத்தது தப்பில்ல சரசு. மறைச்சதுதான்."

"சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களாக்கும்!"

வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, சொம்பை அங்கேயே விட்டுவிட்டேன்.

பகல் முழுக்க ஒரே யோசனை. என் வீட்டுக்காரரின் கடைசி மாதத்தில் ரவிதான் அவரைக் குளிப்பாட்டினான். ஒரு நாள் அந்தப் பழைய தரையில் அவன் கால் வழுக்கியது. அப்பாவை விடவில்லை, தன் முழங்கையை உடைத்துக்கொண்டான். கட்டு போடும்போதுகூடத் தரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறந்துவிட்டான் என்று நினைத்திருந்தேன்.

மருந்து வாங்க வேண்டும். சொம்பு.

மாலை ரவிக்கு அனுப்பியது:

"ரவி, மேஸ்திரி எல்லாம் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே. வேலை நிற்கிறது. பாதிச் செலவு உன்னுடையதாக இருக்க வேண்டுமென்றால் என்னிடம் கேள். நான் வேண்டாம் என்பேன் என்று நீயே முடிவு செய்யாதே. போன் வேண்டாம், சிரித்து மழுப்பிவிடுவாய். எழுதிக் கேள். மேஸ்திரியைத் திங்கட்கிழமை வரச் சொல்ல வேண்டும், அதற்குள் உன் பதில் எழுத்தில் வரட்டும்."