அப்பாவின் கடல் இருக்கும் கோப்பு

அன்புள்ள அப்பா,

இன்று காலை உங்கள் கைப்பேசியின் ரப்பர் உறையைக் கழற்றினேன். உள்ளே காய்ந்த உப்பும் நண்டு வாடையும். நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. வாடை மட்டும் நேற்றுத்தான் கரையேறியதுபோல் இருந்தது. உடனே சார்ஜில் போட்டேன். சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்ட சித்தப்பா நாளை உங்கள் வள்ளத்தை எடுக்கிறார். நண்டு வலை போடும் இடம் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

எப்படித் தெரியும்? வலை போடுகிற இடத்தைக் கரையில் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பீர்கள். அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அதனால்தான் பிளஸ் ஒன்னில் சி மொழி படிக்கத் தொடங்கியதும், உங்கள் கைப்பேசியிலேயே ஒரு புரோகிராம் எழுதித் தந்தேன். ஜிபிஎஸ் எண்களையும் ஆழத்தையும் அன்றைய பாட்டையும், அதாவது கிடைத்த நண்டின் எடையையும், நீங்கள் தட்டினால் போதும். fopen கோப்பைத் திறக்கும், fprintf எழுதும், fclose மூடும்.

"மூடாட்டி என்னாகும்?"

"எழுதுனது போனாலும் போயிரும்ப்பா."

"அப்ப நம்ம ஐஸ்பெட்டி மாதிரிதான்."

ஏழாம் நாள் திறந்தால் ஒரே ஒரு வரி! fopen-க்கு நான் "w" கொடுத்திருந்தேன். அது உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதும். கடைசியில் சேர்த்து எழுத "a" கொடுக்க வேண்டும். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள்.

"நேத்து வச்சத இன்னைக்குக் காணோமே ஆத்தா! உள்ள பூனை கீனை வளக்குறியா?"

அன்றிரவே "a" போட்டு இன்னொரு புரோகிராம் எழுதித் தந்தேன். மறுநாள் வலையே இல்லாமல் கடலுக்குப் போனீர்கள். தொலைந்துபோன ஆறு இடங்களுக்கும் மறுபடி போய், ஒவ்வொன்றையும் தட்டிவிட்டு வெறும் வள்ளத்தோடு திரும்பினீர்கள்.

"என்ன மாப்ள, கடலச் சுத்திப் பாத்துட்டு வாரியா?" என்று கரையில் ஒருவர் கேலி செய்தார்.

"எம் மக ஹோம்வொர்க்கு குடுத்துருக்கா" என்றீர்கள்.

இன்று திரை விழித்ததும் இரண்டு புரோகிராம்களும் தெரிந்தன. வலை1, வலை2. பழையதை நான் அழிக்கவே இல்லை அப்பா! அவசரத்தில் விரல் அதன்மேல்தான் போய் நின்றது. ஒரு தட்டுத் தட்டி அது ஓடியிருந்தால் எல்லாம் போயிருக்கும். கையை உதறி எடுத்தேன். முதலில் வலை1-ஐ அழித்தேன். பிறகு "r" கொடுத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அதற்கு வாசிக்க மட்டும்தான் தெரியும். கோப்பு இல்லையென்றால் fopen வெறுங்கையோடு NULL என்று திரும்பும். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட விட்டேன்.

வந்தது அப்பா! வரி வரியாக, இருநூற்றுப் பதினான்கு வரிகள்!

சித்தப்பா பேனாவோடு உட்கார்ந்திருந்தார். "படி பாப்பா, எழுதிக்கிறேன்."

வாயைத் திறந்தேன். உடனே மூடிக்கொண்டு கைப்பேசியை அவரிடம் நீட்டினேன். "கரையில சொல்லக்கூடாதாம் சித்தப்பா. நீங்களே பாருங்க."

அவர் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். வெகுநேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"அடேயப்பா! அண்ணன் கடலையே உள்ள போட்டு வச்சிருக்காரே" என்றார். பிறகு தயங்கினார். "நாளைக்கு என் பாட்டையும் இதுலயே போடலாமா? அவரு எழுதுனது போயிராதுல்ல?"

"போகவே போகாது சித்தப்பா."

இனி எந்தக் கோப்பைத் திறந்தாலும், உள்ளே யாருடைய உழைப்பு இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் ஓர் எழுத்துத் தட்டுவேன். நாளை மதியம் சித்தப்பா கரையேறியதும் உங்கள் கடைசி வரிக்குக் கீழே இருநூற்றுப் பதினைந்தாவது வரி வரும். விடியட்டும் என்று காத்திருக்கிறேன், அப்பா.

உங்கள் மகள்