முரலின் சொண்டு வேகமாகத்தான் மாறியிருக்கிறது, மச்சான்

என் அன்பு மச்சான்,

இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் உங்களைப் பற்றிய ஒரு பகிடி எங்கள் துறையில் உயிரோடு திரிந்தது. இன்று அதற்கு முடிவு கட்டிவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் எழுதுகிறேன்.

துறையின் அந்த ஆய்வுக் கூட்டம் நினைவிருக்கிறதா? எந்த முரல்மீன் எதிலிருந்து எப்போது பிரிந்தது என்று காட்டும் பரிணாமக் கூர்ப்பு மரத்தை நீங்கள் வரைந்து காட்டினீர்கள். வாவிக்குள் புகுந்த கிளைகளில், கடலில் நின்றவற்றைவிட, அலகுபோல் துருத்தும் கீழ்ச்சொண்டின் நீளம் வேகமாக மாறியிருக்கிறது என்றீர்கள். துறைத்தலைவர் எழும்பினார். "சில இனத்தைக் கருவாடாத்தானே அளந்தீங்க? கருவாட்ட அளந்தா கூர்ப்பு பறக்கத்தான் செய்யும்." மண்டபமே சிரித்தது. சிரித்த ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். அவர்களில் எவர் வீட்டுக் கலியாணத்துக்கும் நான் போகவில்லை.

அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. அதுதான் என்னை எரித்தது. காயும்போது உடல் சுருங்கும், சொண்டெலும்பு அவ்வளவாகச் சுருங்காது. உடலோடு ஒப்பிட்டால் சொண்டு நீண்டதுபோலத் தெரியும். அண்மையில் பிரிந்த இரண்டு இனங்களில் ஒன்றைப் பச்சை மீனாகவும் மற்றதைக் கருவாடாகவும் அளந்தால், கொஞ்சக் காலத்துக்குள் பெரிய மாற்றம் நடந்ததாகக் கணக்குக் காட்டும். நீங்கள் கண்ட வேகம் முழுவதும் அப்படி வந்ததுதானா?

இந்த வருடம், கருவாடாக அளந்த இனங்களை எல்லாம் பச்சையாகத் தேடி அலைந்தேன். சாய்ந்தமருதுக் கரையில் நான் அளப்பதைப் பார்த்து ஒரு மீன்காரர் கேட்டார்.

"என்ன சேர், முரலுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"ஓம், பெருநாளைக்கு."

"அப்ப சொண்டுக்கும் ஒரு உறை தைங்க. வலையெல்லாம் கிழிக்குது."

ஒரே இனத்துக்குள்ளும் மீனுக்கு மீன் அளவு மாறும் அல்லவா? அந்த வேறுபாட்டையும் கணக்கில் சேர்த்தேன். மரம் முழுவதற்கும் ஒரே வேகம் என்று வைத்துப் பார்த்தேன், புதிய அளவுகளுக்குப் பொருந்தவில்லை. வாவிக் கிளைகளுக்குத் தனி வேகம் கொடுத்தேன், பொருந்தியது! நீங்கள் சொன்னதைவிட அந்த வேகம் குறைவுதான், அதை மறைக்கமாட்டேன். ஆனாலும் கடல் கிளைகளைவிடத் தெளிவாக அதிகம்.

நேரே உங்கள் வீட்டுக்கு ஓடினேன். என் கூடப்பிறந்த ராத்தா கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தா.

"மச்சான் சொன்னது சரி, ராத்தா!"

"அந்தக் கருவாட்டு நாத்தத்தோட எத்தின நாள் குடும்பம் நடத்தினன். சரியா வராம என்ன செய்யும்?" என்றா. பிறகு தீன்சட்டியைக் கீழே வைத்தா. "அப்ப சிரிச்சவனுகள்?"

"இனி முழிப்பானுகள்."

"நல்லா முழிக்கட்டும். இரி, வட்டிலாப்பம் அவிக்கிறன்."

ஓய்வுபெற்ற அந்தத் தலைவரும் கேள்விப்பட்டுத் தொலைபேசியில் அழைத்தார். "உங்கட மச்சான் சரிதான் போல" என்றார். "போல இல்ல, சேர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்கள் மன்னித்திருப்பீர்கள், அது உங்கள் குணம்.

ஆய்வுக் கட்டுரையில் உங்கள் பெயர்தான் முதலில் வரும். இது என் வாக்கு. இந்தக் கடிதம் பத்திரிகைக்குப் போகிறது. கீழே என் பெயரைப் போட்டால், இவன் இந்த முறை யாரோடு சண்டைக்கு நிற்கிறான் என்றுதான் ஊர் வாசிக்கும். உங்களை வாசிக்காது. அதனால் உறவை மட்டும் எழுதி, பெயர் போடாமலே அனுப்புகிறேன்.

உங்கள் மச்சினன்